பச்சைக் கட்டம்

அந்தச் சனிக்கிழமை என் மாடி அறையிலிருந்து ரோஸ்லின் ஆன்ட்டி வீட்டுக்குப் படியில் இறங்கும்போதே நெய் வாசனை வந்தது. இரண்டு படி தள்ளி ஏலக்காய். எங்கள் பெண்கள் வேதபாடக் கூட்டத்தில் எப்போதும் டீயும் பிஸ்கட்டும்தான். கேசரி என்றால் ஏதோ விசேஷம். யாருக்குப் பிறந்த நாள் என்று ஏழு பேரின் பெயரையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அந்த மாதத்தில் யாருக்கும் இல்லை.

கதவோரம், தன் வழக்கமான இடத்தில், ஜெயசீலி அக்கா உட்கார்ந்திருந்தார். பச்சைப் பூப் போட்ட சேலை. மடியில் பைபிள்.

"என்னடி பியூலா, வாசனை ஆளைத் தூக்குது. உனக்கு மாப்பிள்ளை கெடச்சிருச்சா? எங்ககிட்ட சொல்லாம ஆன்ட்டிகிட்ட மட்டும் சொன்னியா?"

"எனக்கே தெரியாதுக்கா."

"அதான பார்த்தேன். மாப்பிள்ளைக்கும் தெரிஞ்சிருக்காது."

அவர் சிரித்தார். ஜெயசீலி அக்கா சிரித்தால் ஸ்டீல் தட்டு தரையில் விழுந்து சுழல்வது போல, நிற்கக் கொஞ்ச நேரமாகும்.

அப்போது ரோஸ்லின் ஆன்ட்டி சமையலறையிலிருந்து தட்டோடு வந்தார். உட்காரவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடுக்கூடத்தில் நின்றார்.

"இன்னிக்கு முதல்ல சாட்சி. பாட்டெல்லாம் அப்புறம். ஒன்பது வருஷமா நாம முழங்கால்ல நின்ன காரியத்துக்குப் பதில் கெடச்சிருக்கு. ஜெயசீலி, நீயே வாயைத் தொறந்து சொல்லும்மா."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. கைதட்டல் தொடங்கியது. மண்ணச்சநல்லூரிலிருந்து வரும் கிரேஸ் எழுந்தே நின்றுவிட்டாள்.

ஜெயசீலி அக்கா என்னைப் பார்த்தார். அவர் தையல்காரர். துணியை வெட்டி முடித்த பிறகு அளவு தப்பு என்று தெரியவந்தால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி இருந்தது அந்தப் பார்வை.

நான்தான் சொல்லியிருந்தேன். யாரிடமும் வாய் திறக்காமலே.

சனிக்கிழமை நாலு மணி

இந்தத் தொடரின் சென்ற வாரப் பகுதியில், திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்ததை எழுதியிருந்தேன். கொதிகலன்களுக்கான குழாய்களைப் பற்றவைக்கும் இடம். பற்றவைத்த மூட்டுகளை எக்ஸ்ரே படம் எடுத்து, அந்தப் படச்சுருளை விளக்கு வெளிச்சத்தில் வைத்து, உள்ளே காற்றுக்குமிழோ வெடிப்போ இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. குறை இருந்தால் எழுத வேண்டும். சரிசெய்தார்களா என்று மறுபடி பார்க்க வேண்டும். சரியானால் 'முடிந்தது' என்று போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

வேலை அந்தக் கோடியில் என்றாலும் வீடு ஸ்ரீரங்கத்தில் கிடைத்தது. மூன்று தளக் கட்டடம். கீழே ஒரு மாமி. முதல் மாடியில் ரோஸ்லின் ஆன்ட்டி. இரண்டாவது மாடியில் நான் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை. வீட்டில் யாரோடும் பேசாமல் இரண்டு மாதம் ஓடியது. அம்மா போனில் கேட்பார், "யாராச்சும் இருக்காங்களா பக்கத்துல?" இருக்காங்கம்மா என்பேன். இருந்தார்கள், சுவர்களுக்கு அப்பால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காவிரிப் பாலத்தில் நெரிசலில் நின்ற ஒன்றாம் நம்பர் பஸ்ஸில், பின் இருக்கையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பையில இருக்கறது பைபிளா?"

திரும்பிப் பார்த்தேன். என் கட்டடத்தின் முதல் மாடி.

"ஆமா ஆன்ட்டி."

"இத்தனை நாள் என் தலைக்கு மேலயே இருந்துகிட்டுச் சொல்லவே இல்ல பாரு. சனிக்கிழமை நாலு மணிக்குக் கீழ இறங்கி வா. செருப்புகூடப் போட வேணாம்."

அப்படித்தான் சேர்ந்தேன். அழைப்பு என்றும் கட்டளை என்றும் பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று.

ஏழு பேரும் ஒரே சபை இல்லை. நாலைந்து சபைகள். அதனால் ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா என்ற பேச்சை எடுக்கக் கூடாது என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. பாட்டு இரண்டு. தம்பூர் அடிப்பது கிடையாது, கையையும் மெல்லத்தான் தட்ட வேண்டும், கீழே மாமி இருக்கிறார். பிறகு ஓர் அதிகாரம். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வசனம் வாசித்துக்கொண்டே போவோம். பிறகு பேச்சு. கடைசியில் ஜெபக் குறிப்புகள்.

கீழ்வீட்டு மாமி ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். ஒருநாள் படிக்கட்டில் நிறுத்தினார். புகார் சொல்லப்போகிறார் என்று பயந்தேன்.

"இன்னிக்கு ஒரு பாட்டோட நிறுத்திட்டேளே, ஏன்?"

"கரண்ட் இல்ல மாமி, இருட்டிடும்னு சீக்கிரம் முடிச்சுட்டோம்."

"அதானே. ரெண்டாவது பாட்டு முடிஞ்சாதான் நான் விளக்கேத்த எழுந்துப்பேன். இன்னிக்கு நேரம் தப்பிடுத்து."

வட்டமாக வாசிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. பிள்ளை இல்லாத பெண்ணொருத்தி அழுது ஜெபம் செய்யும் பகுதிகள் வேதத்தில் அங்கங்கே வரும். அப்போதெல்லாம் நாங்கள் ஆறு பேரும் சொல்லி வைத்தாற்போல் தலையைக் குனிந்துகொள்வோம். எண்ணிப் பார்த்தால் அந்த வசனம் பெரும்பாலும் ஜெயசீலி அக்காவுக்கே போய் நிற்கும். அவர் அதை மற்ற எல்லா வசனத்தையும்விடச் சத்தமாக வாசிப்பார். வாசித்துவிட்டு, அளவு நாடாவிலிருந்து வெட்டிய ஒரு சாண் துண்டை அடையாளமாக வைத்து, "அடுத்து யாரு? தூங்கிட்டீங்களா?" என்பார்.

மஞ்சள் அட்டை நோட்டு

ஜெபக் குறிப்புகளை ரோஸ்லின் ஆன்ட்டி ஒரு நீள நோட்டில் எழுதி வந்தார். மஞ்சள் அட்டை. ஒரே பக்கத்தில் மூட்டு வலி, மகன் வேலை, கிணற்றில் தண்ணீர், மாமியார் மனமாற்றம் எல்லாம். பதில் கிடைத்தவற்றுக்கு நேரே சிவப்பு மையில் 'ஸ்தோத்திரம்'. பதில் கிடைத்தவர் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். கிடைக்காதவை அப்படியே அடுத்த பக்கத்துக்கு ஏறும். சிலது ஏறாமல் விட்டுப்போகும். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"ஆன்ட்டி, நான் இதை ஒழுங்கா ஒரு ஷீட்ல போட்டுத் தரட்டுமா?"

"தாராளமா. என் கையெழுத்து எனக்கே புரியறதில்ல."

ஒரு வாரத்தில் போட்டேன். வரிசை எண், பெயர், குறிப்பு, தொடங்கிய நாள், நிலை. நிலை என்ற கட்டத்தில் மூன்று வண்ணம். சிவப்பு என்றால் 'காத்திருக்கிறோம்'. மஞ்சள் என்றால் 'பதில் வந்துகொண்டிருக்கிறது'. பச்சை என்றால் 'பதில் கிடைத்தது'. முப்பது நாளுக்கு மேல் ஆனால் சிவப்பு தானாகவே அடர்த்தியாகும். தொழிற்சாலையில் குறைப் பட்டியல் அப்படித்தான்.

முதல் பிரதியை அச்செடுத்துக் கொடுத்த அன்று கூட்டம் நடக்கவே இல்லை. எல்லோரும் பட்டியலைத்தான் வாசித்தார்கள். இப்படி இருந்தது:

ரோஸ்லின் ஆன்ட்டி, வலது முழங்கால். சிவப்பு.
கிரேஸ், அரிசி மில்லில் தூசி, மூச்சு இழுப்பு. மஞ்சள்.
ஜெயசீலி அக்கா, குழந்தை. அடர் சிவப்பு.
பியூலா, நல்ல வரன். சிவப்பு. (இதை எழுதியது நானில்லை. பழைய நோட்டிலேயே இருந்தது. யார் எழுதினார் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.)

ஜெயசீலி அக்கா தன் வரிசையில் விரலை வைத்துப் பார்த்தார்.

"ஏன்டி, நான் மட்டும் ரத்தச் சிவப்பா இருக்கேன்?"

"முப்பது நாள் தாண்டினா அப்படி ஆகும்க்கா."

"ஓகோ. கர்த்தருக்கே மெமோ குடுக்கறியா நீ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அன்று கீழே மாமிக்கும் கேட்டிருக்கும்.

தாளை வீணாக்க வேண்டாமே என்று, கொஞ்ச நாள் கழித்து அந்த ஷீட்டின் இணைப்பை எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டேன். யார் வேண்டுமானாலும் போனில் பார்த்துக்கொள்ளலாம். நான் மாற்றினால் அங்கேயும் மாறும். ஆனால் அவர்கள் தொடர்ந்து தாளைத்தான் கேட்டார்கள். மாதம் ஒரு பிரதி அச்செடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இணைப்புப் போட்டதை நானே மறந்துபோனேன்.

சத்திரத்தில் சொன்னது

கேசரி செய்த அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன், வியாழக்கிழமை மாலை, வேலை முடிந்து சத்திரம் பஸ் நிலையத்தில் ஸ்ரீரங்கம் வண்டிக்கு நின்றேன். யாரோ பின்னாலிருந்து என் பின்னலை இழுத்தார்கள்.

"இன்ஸ்பெக்டரம்மா."

ஜெயசீலி அக்கா கையில் நூல் உருண்டைகள் நிறைந்த பை. உறையூருக்குப் போகும் வண்டி பக்கத்திலேயே புறப்படத் தயாராக நின்றது. அதில் ஏறாமல் என்னைத் தூணோரம் இழுத்துப் போனார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்றேன். யாருக்கும் சொல்லக் கூடாது. எங்க வீட்டுக்காரருக்கும் எங்க அம்மாவுக்கும் அப்புறம் உனக்குத்தான்."

சொன்னார். எட்டு வாரம். டாக்டர் துடிப்பைக் கேட்கவைத்தாராம்.

"தையல் மெஷின் ஓடற மாதிரி இருந்துச்சுடி. வேகமா. டகடகடகன்னு."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பையை வாங்கிக்கொண்டேன். அதையாவது செய்யலாமே என்று.

"மூணு மாசம் முடியட்டும். அப்புறம் நானே எழுந்து நின்னு சாட்சி சொல்றேன். இப்ப நீ மட்டும் ஜெபம் பண்ணு. நீதான் மறக்காம தினம் பண்ணுவ, உனக்கு லிஸ்ட் இருக்கு."

வண்டி கிளம்பியது. அவர் ஓடவில்லை. கையைக் காட்டி நிறுத்தி, மெதுவாக ஏறினார். ஒரு மனிதர் அப்படி ஜாக்கிரதையாகப் பஸ் ஏறி நான் பார்த்ததில்லை.

அறைக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் மடிக்கணினியைத் திறந்தேன். மஞ்சள் போட்டிருக்க வேண்டும். வேலையில் அப்படித்தான் போட்டிருப்பேன். ஆனால் அந்த வரிசை பச்சையாகும்போது எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. என் பட்டியல், அதை நான் மட்டும்தான் பார்க்கிறேன் என்ற நினைப்பு. பச்சை ஆக்கினேன். 'பதில் கிடைத்தது.' ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடினேன்.

சனிக்கிழமை காலையில், போனில் எதையோ தேடிய ரோஸ்லின் ஆன்ட்டியின் விரல் பழைய இணைப்பில் பட்டிருக்கிறது. பச்சையைப் பார்த்தவர் யாரிடமும் கேட்கவில்லை. ரவையை வறுக்கப் போய்விட்டார்.

அந்தக் கைதட்டலுக்குள் ஜெயசீலி அக்கா எழுந்தார். என்னைப் பார்த்த பார்வையை அங்கேயே விட்டுவிட்டு, எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "ஆமா. எட்டு வாரம். இன்னும் ஜெபம் பண்ணுங்க." அவ்வளவுதான் சாட்சி. பிறகு கேசரியைக் கடைசி முந்திரி வரை சாப்பிட்டார். போகும்போது என் தோளைத் தட்டி, "பரவால்ல விடு," என்றார். அந்த 'விடு'வில் கொஞ்சம் கோபம் இருந்தது.

சிவப்பு

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. உணவு இடைவேளையில் ரோஸ்லின் ஆன்ட்டியின் அழைப்பு வந்தது.

"பியூலா... ஜெயசீலிக்கு நிக்கலம்மா."

ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அவர் கணவர் சொன்னார், யாரும் வர வேண்டாமாம். இதைச் சொல்லிவிட்டு ஆன்ட்டி அழுதார். நான் அழவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடினேன். ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான்.

போனில் ஷீட்டைத் திறந்தேன். அந்தப் பச்சை அங்கே இருந்தது. இதை அவர் பார்த்தால் எப்படி இருக்கும்? மாற்றினேன். 'காத்திருக்கிறோம்.' தொடங்கிய நாள் பழையதுதான் என்பதால் கட்டம் தானாகவே அடர் சிவப்பானது. முன்பு இருந்த மாதிரியே. ஒரு வேலையை ஒழுங்காக முடித்துவிட்ட நிம்மதியோடு படச்சுருள் அறைக்குத் திரும்பினேன்.

அந்தச் சனிக்கிழமையும் அடுத்ததும் கதவோர இடம் காலியாக இருந்தது. யாரும் அங்கே உட்காரவில்லை. யாரும் அவர் பெயரைச் சொல்லவும் இல்லை. 'ஒரு சகோதரிக்காக' என்று ஜெபித்தோம். இப்போது போய்த் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றாள் கிரேஸ். தானே வரட்டும் என்றார் ரோஸ்லின் ஆன்ட்டி. எங்கள் எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. நான் ஒரு செய்தி அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டார் என்பதற்கான அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, மாமி படிக்கட்டில் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டிம்மா, மாடில ஒரு பொண்ணு சிரிப்பாளே. அவ வர்றதில்லையா?"

"எந்தப் பொண்ணு மாமி?"

"மூஞ்சி யாரு கண்டா? நான் பார்த்ததே இல்ல. சிரிப்பு மட்டும்தான் தெரியும். ஆரம்பிச்சா நிக்காது. அவளுக்கு ஒண்ணும் இல்லையே?"

அக்காவின் முகம்கூடத் தெரியாத ஒருவர் கேட்டுவிட்டார். ஜெயசீலி அக்கா கையால் தைத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டிருந்த நான் கேட்கவில்லை. மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் நேராக உறையூர் போனேன்.

உறையூரில் ஒரு மத்தியானம்

பள்ளி திறக்கும் பருவம். வீடு முழுக்க நீலமும் வெள்ளையுமாகச் சீருடைத் துணிகள். அவர் கணவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர், டியூட்டிக்குப் போயிருந்தார். ஜெயசீலி அக்கா மெஷினில் இருந்தார். இளைத்திருந்தார்.

"வா. அந்தப் பாவாடை மேல கால வைக்காத, இப்பதான் மடிச்சேன்."

ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதை பஸ்ஸில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். முதலில் மன்னிப்பு. இரண்டாவது காரணம். மூன்றாவது அழைப்பு.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க. நான் மட்டும்தான் பார்ப்பேன்னு நெனச்சு அதை மாத்தினேன். லிங்க் போட்டது மறந்துபோச்சு. நீங்க சொல்லாதன்னு சொன்னதை நான் ஊருக்கே சொன்ன மாதிரி ஆயிடுச்சு."

மெஷின் நிற்கவில்லை. "எதைச் சொல்ற?"

"கேசரி அன்னிக்கு."

அவர் காலை எடுத்தார். சக்கரம் தானாகக் கொஞ்சம் சுற்றி நின்றது.

"அதுக்காடி வந்த?"

"ஆமாக்கா."

"அன்னிக்கு உன் மேல எரிச்சலாத்தான் இருந்துச்சு. வீட்டுக்குப் போற வரைக்கும் திட்டிக்கிட்டே போனேன். எங்க அம்மா வேற, அதுக்குள்ள ஏன் சொன்னன்னு ஒரு வாரம் பேசல." பல்லால் நூலைக் கடித்து அறுத்தார். "இப்ப நெனச்சுப் பாத்தா அந்தப் புள்ளைக்குன்னு நடந்தது அது ஒண்ணுதான். வளைகாப்பு இல்ல. பேரு வைக்கல. ஞானஸ்நானம் இல்ல. அடக்கம்கூட இல்ல. ஆறு பொம்பளைங்க கையத் தட்டினாங்க, ஆன்ட்டி ஒரு தட்டு கேசரி செஞ்சாங்க. முடிஞ்சுது. நல்லவேளை நீ சொல்லித் தொலைச்ச."

என் வரிசையில் இதற்கு இடமில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் மறந்துபோயின.

"அப்புறம் ஏன்க்கா வராம இருக்கீங்க?"

அவர் ஒரு சட்டைக் காலரை எடுத்து, திருப்பி, மறுபடி வைத்தார்.

"அந்தச் செவ்வாக்கிழமை எல்லாம் முடிஞ்சு வார்டுல படுத்திருந்தேன். அவர் டீ வாங்கப் போயிருந்தார். பக்கத்துக் கட்டில்ல ஒரு பச்சைக் குழந்தை அழுவுது. போன எடுத்து உன் ஷீட்டைத் தொறந்தேன். எதுக்குன்னு கேக்காத. மூணு வாரமா தினம் தொறந்து பாப்பேன் அதை. பஸ்ல, மெஷின்ல உக்காந்துகிட்டு. என் பேரு, பக்கத்துல பச்சை. அன்னிக்கும் அதைப் பாக்கணும்போல இருந்துச்சு."

நிறுத்தினார். எனக்குத் தெரிந்துவிட்டது.

"தொறந்தா செவப்பு. காத்திருக்கிறோம். ஒன்பது வருஷமா இருந்த அதே செவப்பு. நடுவுல ஒண்ணுமே நடக்காத மாதிரி. ஆஸ்பத்திரில கூட ஒரு சீட்டு எழுதிக் குடுத்தாங்கடி, இத்தனை வாரம்னு போட்டு. உன் ஷீட்டுல அதுகூட இல்ல."

"உங்களுக்குப் பாக்கக் கஷ்டமா இருக்கும்னுதான்க்கா..."

"யாருக்குக் கஷ்டம்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை.

"இப்பவே திரும்பப் பச்சை ஆக்கிடறேன்," என்று போனை எடுத்தேன்.

"வேணாம். இன்னிக்கு மாத்துவ, நாளைக்குத் திருப்புவ. அந்தக் கட்டத்துக்குள்ள என் புள்ள வேணாம்."

பிறகு டீ போட்டுக் கொடுத்தார். என் சுடிதார்த் தையல் பக்கவாட்டில் விட்டிருப்பதைப் பார்த்து, உட்கார்ந்தபடியே என்னைத் திருப்பி, கையாலேயே நாலு தையல் போட்டார். ஊசி இடுப்பில் படாமல் இருக்க மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஒரே கோடு

எங்கள் தொழிற்சாலையில், பதிவேடுகள் இருக்கும் அலமாரிக்கு மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கும். தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. வெள்ளை மை பூசக் கூடாது. ஒரே ஒரு கோடு இழுக்க வேண்டும், கீழே இருப்பது படிக்கத் தெரியும்படி. பக்கத்தில் கையெழுத்தும் நாளும். குறை வந்த மூட்டு, வெட்டியெறிந்த மூட்டு, எல்லாம் பதிவேட்டில் இருந்தே ஆக வேண்டும். இரும்புக் குழாய்க்கு அந்த மரியாதை உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் மனப்பாடம் செய்த விதி அது. சத்திரத்தில் இறங்கி அடுத்த வண்டிக்கு நிற்கும்போது, ஜெயசீலி அக்கா அன்று என்னை இழுத்துப் போன தூணைப் பார்த்ததும்தான் அது நினைவுக்கு வந்தது.

வீட்டுக்குப் போகாமல் ரோஸ்லின் ஆன்ட்டி கதவைத் தட்டினேன்.

"ஆன்ட்டி, அந்தப் பழைய நோட்டு இருக்கா?"

அரிசி டிரம்முக்கு மேல் இருந்தது. கடைசியாக எழுதிய பக்கத்தைப் புரட்டி, அவர் முன்னாலேயே பேனாவில் எழுதினேன்.

ஜெயசீலி அக்கா. குழந்தை. கிடைத்தது. பதினொரு வாரம் இருந்தது.

அதற்குக் கீழே: நான் இதைக் 'காத்திருக்கிறோம்' என்று மாற்றியது தவறு. பியூலா. நாளையும் போட்டேன்.

ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"கேசரி செஞ்சது நான்தானேம்மா. நானும் ஒரு கையெழுத்துப் போடட்டுமா?"

"போடுங்க ஆன்ட்டி."

போட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஸ்தோத்திரம் எழுதலியா?"

"அதை நான் எழுதக் கூடாது ஆன்ட்டி. இடம் விட்டிருக்கேன்."

அன்றோடு ஷீட்டை மூடினேன். அடுத்த சனிக்கிழமை, நடந்ததையெல்லாம் எல்லோரிடமும் சொன்னேன். கிரேஸ் உறையூர் போனாள். மறுவாரம் இன்னொருவர். யாரும் ஆறுதல் சொல்லவில்லையாம். காஜா எடுக்க, பட்டன் தைக்க உதவினார்களாம்.

மழை நாளில்

காவிரியில் தண்ணீர் வந்து, குறைந்து, மழையும் தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை. இரண்டாவது பாட்டின் நடுவில் கதவு திறந்தது. ஜெயசீலி அக்கா. குடையை வாசலில் சாய்த்துவிட்டு, காலியாக விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்தார். பாட்டு அறுந்து, மறுபடி சேர்ந்தது. வட்டமாக வாசித்தோம். அவர் முறையும் வந்தது. வாசித்தார். சத்தமாக இல்லை.

குறிப்புகள் நேரத்தில் நோட்டு கைமாறிப் போனது. அவரிடம் போனபோது அந்தப் பக்கம் தானாகத் திறந்துகொண்டது, நாங்கள் அத்தனை முறை அதைத் திறந்திருந்தோம். வரியின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக நகர்த்தினார். இரண்டு கையெழுத்துகளையும் பார்த்தார். ரோஸ்லின் ஆன்ட்டி சிவப்பு மைப் பேனாவை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு மூடியைத் திறக்காமலே தரையில் வைத்தார்.

தன் பைபிளிலிருந்து அந்த அளவு நாடாத் துண்டை எடுத்து நோட்டின் அந்தப் பக்கத்தில் வைத்து மூடி, கிரேஸிடம் நீட்டினார்.

"உன் முறை. எழுது."

ஸ்தோத்திரத்துக்கு விட்ட அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. யாரும் அவரைக் கேட்டதில்லை.

கூட்டம் முடிந்ததும் அவரோடு தெருமுனை வரை ஒரே குடையில் போய், பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். கீழ்வீட்டில் விளக்கு ஏற்றியிருந்தது. மாமி வாசற்படியில் மழைத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏன்டிம்மா, அந்தச் சிரிக்கற பொண்ணு இன்னும் வரலையா?"

"வந்துட்டாங்க மாமி. இன்னிக்கு வந்திருந்தாங்க."

மாமி துடைப்பத்தை நிறுத்தி, தலையை உயர்த்தி மாடியைப் பார்த்தார்.

"வந்திருந்தாளா? காதுல விழவே இல்லையே."